வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை

போன வருஷம் ஒரு நீண்ட வார விடுமுறையில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. 1970-களின் செயற்கைக்கோள் படத்தையும் 2000-க்குப் பக்கத்துப் படத்தையும் எடுத்து, நார்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க் பீடபூமியில் எவ்வளவு பச்சை கூடியிருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். படங்கள் இலவசம். பைத்தான் தெரியும். வேறென்ன வேண்டும்?

முதல் அடியே சறுக்கல். 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் படத்தைத் திறந்தால், அலைவரிசைகளின் எண் 4-ல் ஆரம்பிக்கிறது. 1, 2, 3 எங்கே? கோப்பு கெட்டுவிட்டதோ என்று அரை மணி நேரம் தேடினேன். அந்த எண்கள் அதே செயற்கைக்கோளில் இருந்த வேறொரு கருவிக்குப் போயிருக்கின்றன. அதுதான் அன்றைக்குக் கதாநாயகன்: டிவி கேமரா மாதிரியான ஒரு படப்பிடிப்புக் கருவி. பக்கத்திலேயே, ஆடும் கண்ணாடி ஒன்றை வைத்து வரிவரியாக நிலத்தைத் துழாவும் ஸ்கேனர் ஒன்றையும், சோதனைக்கு இருக்கட்டும் என்று ஏற்றி அனுப்பினார்கள். அதை வடிவமைத்தவர் ஹியூஸ் நிறுவனத்தின் விர்ஜினியா நார்வுட். கதாநாயகன் சீக்கிரமே பழுதாகிப் படுத்துவிட்டான். நார்வுட்டின் ஸ்கேனர்தான் படத்தை ஓட்டியது. இன்று நாம் பழைய லேண்ட்சாட் படம் என்று சொல்வது பெரும்பாலும் அது எடுத்ததைத்தான்.

தாவரத்தை அளக்கும் சூத்திரமும் அதே காலத்தது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அதுதான் என்டிவிஐ. 1970-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரௌஸும் அவர் கூட்டாளிகளும் இதைப் பயன்படுத்தியது அமெரிக்கப் புல்வெளிகளுக்காக. கவனியுங்கள், புல்வெளி. துருவத்துப் பக்கமே இல்லை.

அங்கிருந்து இது வடக்கே போன கதை பெரிது. வானிலைச் செயற்கைக்கோள்கள் தினமும் எடுத்த மங்கலான படங்களை வைத்து, 1997-ல் ரங்கா மைனேனி, காம்ப்டன் டக்கர் முதலியோர் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 1981-லிருந்து 1991-க்குள் வட அட்சரேகைகளில் தாவர வளர்ச்சி கூடியிருக்கிறது. அதே வகைப் படங்களை அடித்தளமாக வைத்து 2003-ல் துருவ வட்டாரம் முழுவதற்கும் ஒரே தாவர வரைபடம் வந்தது, அளவு 1:75 லட்சம். ஆறு நாட்டுத் தாவரவியலாளர்கள் சேர்ந்து செய்தது. ‘ஆர்க்டிக் பச்சையாகிறது’ என்ற செய்தியை அதற்குப் பிறகு எத்தனை முறை படித்திருப்போம்!

என் கணக்குக்கு வருகிறேன். ஃபின்மார்க்கில் கோடை குட்டை. ஜூலையிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும்தான் செடி முழுப் பச்சையில் இருக்கும். பழைய லேண்ட்சாட் ஒரே இடத்துக்குத் திரும்பி வர 18 நாள். நடுவில் மேகம் வந்தால் அந்த வருஷம் போச்சு. எப்படியோ இரண்டு நல்ல படங்கள் கிடைத்தன. பழையதில் ஒரு கட்டம் சுமார் 80 மீட்டர், புதியதில் 30. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, கழித்துப் பார்த்தேன். பெரும் பரப்பு பச்சை. அந்தக் கோப்புக்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர் வைத்தேன். இன்றும் அந்தப் பெயரைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

பழைய படத்தில் அந்த இடங்கள் வெளிறிக் கிடந்தன. நான் அதை வெறும் தரை என்று நினைத்துக்கொண்டேன். அது லைக்கன். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்; வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்து, பஞ்சு மாதிரி தரையை மூடியிருக்கும். சிவப்பையும் அகச்சிவப்பையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் திருப்பி அனுப்புவதால் புல்வெளிச் சூத்திரத்துக்கு அது கண்ணில் படாது. ஆனால் குளிர்காலத்தில் ரெயின்டீர் மான்கள் பனியைக் குளம்பால் தோண்டித் தின்பது அதைத்தான். சாமி மக்களின் (நம்ம சாமி இல்லை, அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளின் பெயர்) மேய்ச்சல் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. அது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு தடவை தேய்ந்தால் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

1970, 80-களில் ஃபின்மார்க்கில் மான்களின் எண்ணிக்கை ஏறியது, லைக்கன் தேய்ந்தது, அந்த இடத்தில் குட்டைப் புதர்கள் வந்தன. இதே இரு காலப் படங்களை ஒப்பிட்டு பெர்ன்ட் யோஹான்சனும் ஸ்டெய்ன் ரூனே கார்ல்சனும் 2005-லேயே இதை வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் பச்சையை மட்டும் எண்ணவில்லை. தரையில் நடந்து, எது என்ன செடி என்று தெரிந்துகொண்டு பிரித்தார்கள். நான் ‘முன்னேற்றம்’ என்று குறித்த கட்டங்களில் கணிசமானவை ஒரு மந்தையின் குளிர்காலச் சாப்பாடு காணாமல் போன இடங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எல்லைக்கோடு. 1751-ல் டென்மார்க்-நார்வேயும் ஸ்வீடனும் எல்லை வரைந்தபோது, சாமி மேய்ப்பர்கள் இரு பக்கமும் போய்வரலாம் என்று உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். 1852-ல், ஃபின்லாந்து ரஷ்யாவின் கையில் இருந்தபோது, ஃபின்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே மான்கள் கடப்பது நின்றுபோனது. 20-ஆம் நூற்றாண்டில் அந்த எல்லையில் வேலியும் வந்தது. நார்வே பக்கம் பீடபூமி குளிர்கால மேய்ச்சல்; கோடையில் மந்தை கடற்கரைக்குப் போய்விடும். ஃபின்லாந்து பக்கத்து மான்களுக்குப் போக்கிடம் இல்லை, கோடையிலும் அங்கேதான். கோடையில் காய்ந்த லைக்கன் அப்பளம் மாதிரி. குளம்பு பட்டால் நொறுங்கும். அதனால் பழைய படங்களில் நார்வே பக்கம் வெளிர், ஃபின்லாந்து பக்கம் கருப்பு, நடுவில் ஸ்கேல் வைத்து வரைந்தது போல ஒரு கோடு. விண்வெளியிலிருந்து தெரிந்தது ஒரு உடன்படிக்கை முறிந்த தடம் என்று சொன்னால் மிகையா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு நார்வே பக்கமும் லைக்கன் தேய, கோடு மங்கியது. ஆனால் அழியவில்லை. யுவால் கோஹனும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அதே கோடு வசந்தகாலப் படங்களில் வருகிறது. ஃபின்லாந்து பக்கம் கோடையில் மான்கள் புதர்களைக் கடித்துக் குட்டையாக வைத்திருக்கின்றன. நார்வே பக்கம் புதர்கள் உயரம், பனிக்கு மேலே தலைநீட்டி வெயிலை இழுத்துக்கொள்கின்றன. எனவே அங்கே பனி முதலில் உருகுகிறது. இந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக இருப்பது ஃபின்லாந்து.

கோப்பின் பெயரை மாற்றிவிட்டேன். அடுத்து மே மாதப் படங்களை இறக்க ஆரம்பித்திருக்கிறேன். மூன்று வந்திருக்கிறது, இரண்டில் மேகம்.