வீட்டை விட்டு வெளியேறிப் பிழைத்த காலம்

'வீட்டிலேயே இருங்கள்' என்ற சொல்லை 2020 மார்ச் மாதத்தில் நாம் எல்லோரும் கேட்டோம். இதே பெங்களூரில் 1898ஆம் ஆண்டு நம் முன்னோர் கேட்டதோ அதற்கு நேர் எதிரான சொல்: 'வீட்டைக் காலி பண்ணுங்க!'

1896இல் பம்பாயில் பரவிய பிளேக், 1898 ஆகஸ்டு மாதம் ரயில் வழியே பெங்களூரை எட்டியது. 1809 முதல் வளர்ந்துவந்த தண்டுப் பகுதியில் படைக்கும் வணிகத்துக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழர்கள் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்தனர். காற்றோட்டமில்லாத வீடுகள், பக்கத்திலேயே தானிய மூட்டைகள். எலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'எலி செத்து விழுந்தா ஊரை விட்டுக் கிளம்பிடணும்' என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது மூடநம்பிக்கை அன்று. செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிப்பதால்தான் நோய் தொற்றுகிறது. இதைப் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்ததும் அதே 1898இல்தான். ஆகவே ஊருக்கு வெளியே போட்ட கொட்டகையே அன்று பாதுகாப்பான இடமாயிற்று.

ஆனால் மக்கள் எளிதில் கிளம்பவில்லை. பெட்டி படுக்கையை யார் காப்பது? நோயாளியைப் பிரித்துக் கொண்டு போய்விடுவார்களோ? 1897இல் புனேயில் வீடு புகுந்து சோதனையிட்ட முறைமீது எழுந்த கோபத்தில், ராண்ட் என்ற பிளேக் அதிகாரியே கொல்லப்பட்டார். நம்பிக்கை இல்லாத இடத்தில் நல்ல யோசனையும் செல்லாது என்பதற்கு இது சான்று. பெங்களூரிலும் கோவையிலும் மக்கள் பிளேக் மாரியம்மனிடம் முறையிட்டனர்.

நோயின் பாடம் ஊரின் அமைப்பையே மாற்றியது. நகரப் பக்கம் மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன. தண்டுப் பக்கம் பிரேசர் டவுன் உருவாயிற்று. இன்றைய புலிகேசி நகர் அதுவே. அதைத் திட்டமிட்ட பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ், எலி புகாத அடித்தளம், வெளிச்சம், காற்று ஆகியவற்றை வற்புறுத்தினார். 1914இல் நூலாகவும் எழுதினார். எனினும் அத்தகைய வீடு ஏழைக் கூலிக்காரருக்கு எட்டவில்லை.

உள்ளே இருப்பதா, வெளியேறுவதா என்பதை வந்த ஆபத்துதான் முடிவு செய்யும். இருக்கத் தகுந்த வீடும், போக ஓர் இடமும் எல்லோருக்கும் உண்டா என்பதே 1898 கேட்ட கேள்வி. ஒற்றை அறையில் ஆறு பேர் அடைபட்டிருந்த 2020இலும் அதே கேள்விதானே எழுந்தது!