கைப்பேசிச் சாலை விளையாட்டுகள்: நுங்கு வண்டியிலிருந்து திரைப் பேருந்து வரை

கைப்பேசித் திரையில் கார், பேருந்து, லாரி முதலியவற்றை விருப்பம்போல் ஓட்டிச் செல்லும் விளையாட்டுகள் திறந்தவெளி ஓட்டுநர் விளையாட்டுகள் எனப்படுகின்றன. பந்தய விளையாட்டில் முதலிடம் பிடிப்பதே குறிக்கோள். இவற்றில் முந்த வேண்டிய எதிராளி இல்லை. எந்தச் சாலையில் திரும்புவது, எங்கே நிறுத்துவது என்பதை விளையாடுபவரே முடிவு செய்கிறார். பரபரப்பே இல்லாத இவ்விளையாட்டுகளில் சிறுவர்கள் மணிக்கணக்கில் ஈடுபடுவது ஏன்? விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து இதன் வரலாற்றைப் பார்க்கலாம்.

சாலையால் வளர்ந்த ஊர்கள்

சென்னையிலிருந்து தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகத் திருச்சியை நோக்கிச் செல்கிறது. திண்டிவனத்தில் புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம் செல்லும் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பாகவும் விளங்குகிறது. 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமாகப் பெயர் மாறியது. இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பேருந்து அன்றாடக் காட்சி. டி.என். 32 என்றால் விழுப்புரம், டி.என். 16 என்றால் திண்டிவனம் என்று எண் பலகையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

திரைக்கு முன்பே இருந்த விளையாட்டு

பனைமரங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் நுங்கு வண்டி ஓட்டாத பழைய தலைமுறை அரிது. நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளிச் செல்வார்கள். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவதும் உண்டு. ஒரு கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, அதற்குள் வரிசையாக நின்று, முன்னால் நிற்பவன் ஓட்டுநராகவும் கடைசியில் நிற்பவன் நடத்துநராகவும் தெருத்தெருவாக ஓடுவது பேருந்து விளையாட்டு. இவற்றில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஊரைச் சுற்றி வருவதுதான் விளையாட்டு. இன்று திரையில் காண்பது இந்தப் பழைய ஆசையின் புதிய வடிவமே.

பந்தயத்திலிருந்து உலாவுக்கு

கணினி விளையாட்டுகள் முதலில் வேகத்தையே நம்பின. 1976-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட நைட் டிரைவரில் இருளில் வெண்ணிறக் கம்பங்கள் மட்டுமே சாலையைக் காட்டின. 1982-இல் நாம்கோவின் போல் பொசிஷன் கார்ப் பந்தயத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1986 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு சேகா வெளியிட்ட அவுட் ரன்னில் புறப்படும் முன் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், கிளைச் சாலைகளில் விரும்பிய பக்கம் திரும்பலாம். நேரக் கட்டுப்பாடு இருந்தாலும் பயணத்தின் இன்பம் அதில் நுழைந்துவிட்டது. அதே ஆண்டில் வந்த டர்போ எஸ்பிரிட், போக்குவரத்து விளக்குகளும் பாதசாரிகளும் உள்ள நகரத் தெருக்களில் சுற்ற விட்டது.

1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மிட்டவுன் மேட்னஸ், சிகாகோ நகரில் பந்தயம் ஏதுமின்றி ஓட்டித் திரியவும் வழி தந்தது. 2006-இல் வந்த டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட், ஹவாயின் ஓவாஹு தீவையே சாலைகளோடு திரையில் அமைத்தது. 2012-இல் செக் நாட்டின் எஸ்.சி.எஸ். நிறுவனம் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ஐ வெளியிட்டது. சரக்கை ஏற்றி, விதிப்படி ஓட்டி, உரிய இடத்தில் இறக்குவதுதான் அதன் வேலை.

இவற்றுக்கிடையே ஒரு வேடிக்கையும் நடந்தது. 1995-இல் வெளிவரவிருந்து நின்றுபோன ஒரு தொகுப்பில் டெசர்ட் பஸ் என்ற விளையாட்டு இருந்தது. அமெரிக்காவின் டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மிகாமல் 8 மணி நேரம் பாலைவனத்தில் ஓட்ட வேண்டும். இடையில் நிறுத்தி வைக்க முடியாது. ஊர் சேர்ந்தால் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண். சலிப்பூட்டுவதற்காகவே கேலியாகச் செய்யப்பட்டது அது. ஆனால் 2007 முதல் அதைத் தொடர்ந்து ஓட்டிக் குழந்தைகள் நலனுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மெதுவான பயணத்தையும் மக்கள் விரும்புவார்கள் என்பதைக் கேலியே மெய்ப்பித்துவிட்டது.

கைப்பேசிக்கு வந்த சாலை

தொடுதிரைக் கைப்பேசிகள் பரவியபோது, 2012-இல் ஹில் கிளைம்ப் ரேசிங்கும் 2013-இல் டாக்டர் டிரைவிங்கும் வந்தன. இரண்டாவதில் வேகத்தைவிட இடிக்காமல் ஓட்டுவதும் ஒழுங்காக நிறுத்துவதும் முக்கியம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையச் செலவு வெகுவாகக் குறைந்தது. பெரிய விளையாட்டுகளைப் பதிவிறக்குவது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எளிதானது. 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது பள்ளிகள் மூடப்பட்டு, பாடத்திற்காகக் கைப்பேசி மாணவர் கைக்கு வந்தது. சாலையில் பேருந்துகள் நின்றுபோன அந்த நாட்களிலும் திரையில் அவை ஓடிக்கொண்டிருந்தன.

இந்தோனேசியப் பேருந்தில் தமிழ்நாட்டு வண்ணம்

2017-இல் இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது விரைவில் பரவியதற்குக் காரணங்கள் உண்டு. இந்தோனேசியாவிலும் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வயல்வெளியும் மரங்களும் இரு சக்கர வாகன நெரிசலும் நமக்குப் பழகிய காட்சிகள். இசை ஒலிக்கும் ஹாரனை அடிக்கச் சொல்லிச் சாலையோரம் நின்று ஓட்டுநர்களைக் கேட்கும் வழக்கம் அந்நாட்டுச் சிறுவர்களுக்கு உண்டு. 2016-இல் அது இணையத்தில் உலகப் புகழ் பெற்றது. விளையாட்டிலும் அந்த ஹாரன் இடம்பெற்றது. ஏர் ஹாரன் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்!

எல்லாவற்றிலும் முக்கியமானது, பேருந்தின் வெளிப்பூச்சை விளையாடுபவரே மாற்றலாம் என்பது. அந்தப் பூச்சு ஒரு படக்கோப்புதான். ஆர்வலர்கள் அரசுப் பேருந்து, விரைவுப் பேருந்து, ஆம்னி பேருந்து ஆகியவற்றின் நிறங்களையும் எழுத்துகளையும் வரைந்து இலவசமாகப் பகிர்ந்தனர். வண்டியின் உருவத்தையே புதிதாக வடிவமைத்துச் சேர்த்தவர்களும் உண்டு. இவ்வாறு ஜாவாத் தீவின் சாலையில் தமிழ் எழுத்துப் பலகையுடன் நம் ஊர்ப் பேருந்து ஓடியது. இதற்காகப் படத் திருத்தமும் முப்பரிமாண வரைவும் தாமாகக் கற்ற இளைஞர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது.

ஈர்ப்பின் காரணங்கள்

மிகையான சவால் பதற்றம் தரும், சவாலே இல்லாவிட்டால் சலிப்பு வரும். இரண்டுக்கும் நடுவில்தான் மனம் ஒன்றிப்போகும் என்றார் உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயி. மெதுவாக ஓட்டும் விளையாட்டு அந்த நடுநிலையில் நிற்கிறது. கை ஓட்டிக்கொண்டிருக்கும், மனம் பாட்டுக் கேட்கும். தவறினால் திட்டுவார் இல்லை. மதிப்பெண் பட்டியலில் பின்தங்கும் அச்சமும் இல்லை. தேர்வும் தரவரிசையும் சூழ்ந்த மாணவனுக்கு, யாரோடும் ஒப்பிடப்படாத ஓர் இடம் கிடைக்கிறது. சிறுவயதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்று ஏக்கத்தோடு பார்த்தவனுக்கு அந்த இருக்கையே கிடைத்துவிடுகிறது.

திரையும் தார்ச்சாலையும்

ஆனால் திரையில் மோதினால் வண்டி மறுநொடி புதிதாக நிற்கும். ஜி.எஸ்.டி. சாலையில் அப்படி இல்லை. அதே சாலையில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே விபத்துப் பிரிவு வாசலில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. திரையில் கைவந்த திறமையை நம்பி வீட்டு வண்டியை எடுப்பது ஆபத்து. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பேருந்து போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அமைதியான விளையாட்டு என்பதால் அளவு தேவையில்லை என்றும் கருதக் கூடாது. முடிவே இல்லாத சாலை நேரத்தையும் முடிவில்லாமல் எடுத்துக்கொள்ளும். கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது.

எனவே கைப்பேசியைப் பிடுங்குவதைவிடக் கேள்வி கேட்பது நல்லது. ஜாவாவில் பேருந்து ஓட்டும் பிள்ளையிடம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை உள்ள ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லலாம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று சொல்லத் தொடங்கினால், ஒரு விடுமுறை நாளில் அந்தப் பேருந்திலேயே சன்னலோரம் உட்கார வைத்து அழைத்துச் செல்லலாம். போகும் வழியில் பனைமரங்களையும் காட்டலாம்.