கட்டம் போட்டுப் பாரு மக்கா!



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி தக்கலையிலிருந்து கூப்பிட்டாள். மகள் சட்டப் படிப்புக்கு கிளாட் தேர்வு எழுதுகிறாளாம். "சார், யார் பக்கத்துல யாருன்னு வருமே, அந்தக் கணக்குக்கு நீங்க போடுற கட்டத்தை இவளுக்கும் சொல்லிக்குடுங்க" என்றாள்.

நான் சொன்ன கணக்கு இது. ஒரு பெஞ்சில் ஐந்து பேர். ஜோஸ் நடுவில். செல்வி ஜோஸை ஒட்டி இல்லை. மணிக்கு வலப்பக்கம் ஒட்டி ராணி. மீதி ஆள் தாஸ். மனசுக்குள் போட்டால் குழம்பும். ஐந்து கட்டம் வரைந்து, மூன்றாவதில் ஜோஸை எழுதுங்கள். செல்விக்கு இரண்டு ஓரங்கள்தான் மிச்சம். மணியும் ராணியும் பிரியாத ஜோடி. செல்வி இடது ஓரம் என்றால் ஜோடி வலப்பக்கம். வலது ஓரம் என்றால் இடப்பக்கம். இரண்டே வழி. எப்படிப் பார்த்தாலும் தாஸ் ஜோஸுக்குப் பக்கத்தில்தான்!

படம் போட்டு யோசிப்பது பழைய வித்தை. 1760-களில் கணித மேதை ஆய்லர், ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டம் வரைந்தே தர்க்கம் சொல்லிக்கொடுத்தார். 1880-இல் ஜான் வென் தம் வட்டங்களைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில், ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் தர்க்கத்தை விளையாட்டாகவே ஆக்கினார். ஒரு பலகை, நான்கு சிவப்புக் காய், ஐந்து சாம்பல் நிறக் காய்.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் 1982 முதல் இத்தகைய புதிர்கள் தனிப் பகுதியாக வந்தன. 35 நிமிடத்தில் நான்கு புதிர். கட்டம் போடத் தெரியாதவர்கள் திணறினார்கள். மிச்சிகனைச் சேர்ந்த பார்வையற்ற ஏஞ்சலோ பின்னோ, "வரையவே முடியாத என்னை இதை வைத்து எப்படி அளப்பீர்கள்?" என்று வழக்குக்குப் போனார். 2019-இல் சமரசம் ஆனது. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே எடுக்கப்பட்டுவிட்டது. நம் கிளாட்டும் 2020 முதல் பத்தியை வாசித்துப் பதில் சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. இதையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

பின்னோவைப் பற்றி வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நோட்டில் கட்டமே போடமாட்டான். "சோம்பேறி, கட்டம் போடுலே" என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். மறுநாள் அவன் ஆச்சியின் பல்லாங்குழிப் பலகையோடு வந்தான். ஐந்து குழியில் சோழி, மஞ்சாடி, புளியங்கொட்டை, கூழாங்கல், பித்தான் என்று ஆளுக்கொன்றாகப் போட்டு, விரலால் தடவித் தடவி, நான் கரும்பலகையில் போட்டு முடிப்பதற்குள் விடை சொன்னான். அவனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

கட்டம் கண்ணுக்கானது என்று நினைத்திருந்தேன். நினைவில் நிற்காததை நிறுத்தி வைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அது தாளாகவும் இருக்கலாம், குழியாகவும் இருக்கலாம்.

இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், மக்கா, அன்றைக்கு அதட்டியதற்கு சாரை மன்னிச்சிரு.