ஜானகி அம்மாளும் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலும்

பொங்கற் காலத்தில் மட்டும் கரும்பைக் கண்டு பழகிய கீழ்க்கரை மக்களுக்கு, கல்லோயாத் திட்டத்தின் பயனாக ஹிங்குராணையிற் கரும்புச் செய்கை பரவிய பின்னர் அது அயலிலே விளையும் பயிராயிற்று. இலங்கைத் தோட்டங்களில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்த கரும்பினம் ‘கோ 775’ ஆகும். ‘கோ’ என்னும் முன்னெழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கும். 1912இல் அந்நகரில் நிறுவப்பெற்ற கரும்பு இனவிருத்தி நிலையத்திற் பிற்காலத்தே பணியாற்றியவர் ஜானகி அம்மாள். இங்கிலாந்தின் நொரிச் நகரிலுள்ள ஜோன் இன்ஸ் நிலையம், வளர்முக நாடுகளிலிருந்து தாவர விஞ்ஞானத்திற் கலாநிதிப்பட்ட ஆய்வு செய்ய வரும் மாணவர்க்கென அவர் பெயரால் ஒரு புலமைப்பரிசிலை நிறுவியுள்ளது.

அப்பெயர் மிகவும் பொருத்தமானது. அம்மையாரின் ஆய்வு வாழ்வே ஒரு புலமைப்பரிசிலால் அமைந்ததன்றோ! 1897இல் தலசேரியிற் பிறந்த அவர், சகோதரியர் மணவாழ்வு புகவும் தாம் கல்வியையே விரும்பிச் சென்னைக்குச் சென்றார். 1921இல் மாநிலக் கல்லூரியிலே தாவரவியற் சிறப்புப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென ஒரு புலமைப்பரிசில் இருந்தது. லீவை பார்பர் என்பவர் கிழக்காசியாவிற் பயணஞ் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் பயின்று தாயகம் மீண்ட பெண்களின் தொண்டினைக் கண்டு வியந்து, 1917இல் அதனை ஏற்படுத்தினார். அதனைப் பெற்றுக் கடல் கடந்த ஜானகி அம்மாள் 1931இல் அங்கேயே விஞ்ஞான கலாநிதியானார்.

கற்றவர் தம் நாட்டிற்கு மீள வேண்டும் என்பதே பார்பரின் எண்ணம். அம்மையாரும் மீண்டார். 1934 முதல் கோயம்புத்தூரிற் கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். நாணல் போன்ற காட்டுக் கரும்பு இந்தியாவிலே தோன்றியதென்பதை நிறுவ அவரது ஆய்வு துணை செய்தது. கரும்பையும் சோளனையும் கலந்து கலப்பினமும் கண்டார். சோளனுக்கு நிறமூர்த்தங்கள் 20. ஆலைக் கரும்புக்கோ அதனினும் மிகப் பல. இத்துணை வேறுபட்ட இரு சாதிகளை இணைத்தமை எளிய செயலன்று. எனினும் தாவரங்களில் வேலி தாண்டியவருக்கு மனிதர் இட்ட வேலி தடையாயிற்று. மணமாகாத பெண், பிற்படுத்தப்பட்ட சாதியினர் என்னும் காரணங்களால் உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவருக்கு இடர் நேர்ந்தது. ஈண்டுப் புலமைப்பரிசிலின் எல்லை புலனாகின்றது. அது கற்பதற்குப் பொருள் தரும். கற்றவர் அமர்ந்து பணியாற்ற இடந்தர அதனால் இயலாது.

1939இல் எடின்பரோவில் நடைபெற்ற பிறப்புரிமையியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டமையால் இங்கிலாந்திலே தங்கினார். 1940 முதல் 1945 வரை அவருக்கு இடமளித்தது ஜோன் இன்ஸ் நிலையமே. அஃது அப்போது இலண்டனையடுத்த மேர்ட்டனில் இருந்தது. அங்கே சிரில் டார்லிங்டனுடன் சேர்ந்து இயற்றிய பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை 1945இல் வெளிவந்தது. பின்னர் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளை ஆராய்ந்தார். அவ்வினத்தொன்று இன்றும் அவர் பெயர் தாங்கிப் பூக்கின்றது. நேருவின் அழைப்பின்பேரில் 1951இல் தாயகம் திரும்பினார்.

வகைப்பாட்டியல் வல்லுநர்க்கென இந்திய அரசு 1999இல் நிறுவிய விருதும் அவர் பெயரினதே. அது கனியைக் கண்டு வழங்குவது; நொரிச்சின் புலமைப்பரிசிலோ வித்தினை நம்பி வழங்குவது. இரண்டுள் பின்னதற்கே துணிவு மிகுதியும் வேண்டும். அம்மையாரோ முதுமையிலும் மாணவர் போன்றே உழைத்தார். சென்னையையடுத்த மதுரவாயலிலுள்ள பல்கலைக்கழகக் கள ஆய்வுகூடத்தில் ஆய்வை விடாது நடத்திவந்த அவர், 1984 பெப்ரவரியில் தமது 86ஆம் வயதிற் காலமானார்.