எஃப்சி தேதி எதைச் சொல்கிறது?

பர்கூர் பக்கம் 2014 மாடல் கார் பார்க்கப் போனால் புரோக்கர் சொல்வார்: "எஃப்சி 2029 வரைக்கும் இருக்கு சார்."

அந்தத் தேதி, கார் பதிவான அன்றே எழுதியது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகுதான் சோதனை, ஐந்து வருஷ நீட்டிப்பு. நடுவில் தகுதிச் சோதனை கட்டாயமில்லை.

பிரிட்டனில் 1960-ல் பத்து வருஷம் ஆன வண்டிக்குச் சோதனை வந்தது. 1967-ல் அது மூன்று வருஷமானது. இன்று நம்பரைத் தட்டினால் ஃபெயிலான காரணமும், மீட்டர் ரீடிங்கும் வரும்.

இங்கே அடிக்கடி சோதனைக்குப் போவது டி போர்டு வண்டிதான். அதனால் கேஏ நம்பர் கார் வந்தால், முன்பு டாக்ஸியா என்று பாருங்கள். எஃப்சி தேதிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள். மற்றபடி நம்ம மெக்கானிக்தான் துணை.