விமானமும் நிலத்தளமும்

ஒரு பொருள் ஆற்றிவந்த பணி, அப்பொருள் நீங்கிய பின்னரே முழுமையாகப் புலப்படுவதுண்டு. விமான வானொலியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1895இல் இத்தாலியில் மார்க்கோனி கம்பியின் ஒரு முனையை உயர்த்தி, மறுமுனையை நிலத்துடன் இணைத்தபோது அலைகள் சென்ற தூரம் பெரிதும் கூடியது. அலைநீளத்தின் காற்பங்கு உயரமே கொண்ட அன்ரெனாவுக்கு நிலம் ஆடிபோல் நின்று மறுபாதியை அளிக்கின்றது. ஆனால், நிலத்தை விட்டெழுந்த விமானத்திற்கு நிலம் ஏது?

முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் மரத்தாலும் துணியாலும் ஆனவை. ஈயக்குண்டு கட்டிய நீண்ட கம்பி அன்ரெனாவாகப் பின்னே தொங்கியது; இயந்திரமும் இறக்கைகளைப் பிணைத்த உருக்குக் கம்பிகளும் ஒன்றிணைக்கப்பட்டு நிலத்தின் இடத்தை ஏற்றன. 1933இல் பறந்த போயிங் 247 போன்ற முழு உலோக விமானங்கள் வந்தபின் இவ்விடர் நீங்கியது. பாரத்தைத் தாங்கிய அலுமினியத் தோலே நிலத்தளமாகவும் அமைந்தது. பிற்காலத்தில் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் இயங்கிய, ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமான அன்ரெனாக்களுக்கும் அதுவே போதுமாயிற்று. இப்பணி தனிச் செலவின்றிக் கிடைத்தது. ஆதலால் அதனைத் தனித்து எண்ணவேண்டிய தேவையும் எழவில்லை.

1957இல் ஜேர்மனியில் பறந்த 'பீனிக்ஸ்' என்னும் மிதவை விமானம் கண்ணாடி நாராலும் பிசினாலும் அமைக்கப்பட்டது. கண்ணாடி நார் மின்னைக் கடத்தாது. எனினும் அலைகளைத் தடுப்பதுமில்லை. எனவே, நிலத்தளம் வேண்டாத இருமுனை அன்ரெனாவை இத்தகைய விமானங்களின் வாற்செட்டைக்குள்ளேயே மறைத்து வைக்க முடிந்தது. காபன் நாரோ இவ்வழியையும் அடைத்தது. அது அலைகளை உள்ளே விடாது. அதன் கடத்துதிறனோ அலுமினியத்தினதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. அத்திறனும் நார் செல்லும் திசையிலே மிகுந்தும் குறுக்கே குன்றியும் காணப்படும். பிசின் மூடிய மேற்பரப்பில் நல்ல மின்தொடுகை பெறுவது அரிது. அலுமினியத்தை அதனுடன் நேரே பொருத்தினால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும்.

2009இல் முதன்முதல் பறந்த போயிங் 787இன் எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருள்களாகும். மின்னலைத் தாங்க அதன் தோலில் செம்பு வலை பதிக்கப்பட்டது. மின்னோட்டம் மீள்வதற்கு உலோகக் கடத்திகளின் வலையமைப்பொன்றும் உடலினுள் வேண்டியதாயிற்று. எடை குறைக்க நீக்கப்பட்ட உலோகத்தின் ஒரு பகுதி இவ்வாறு மீண்டும் விமானமேறியது.

பழைய பொருளை நீக்குவோர் அதன் குறைகளை நன்கறிவர். அது ஓசையின்றி ஆற்றிய பணிகளையும் எண்ணிப் பார்த்தலே முழுமையான கணக்காகும்.