விலைப்பட்டியலிலிருந்து தேடுபொறிக்கு: தடைசெய்யப்பட்ட உயிரின வணிகத்தைக் கண்காணித்த வரலாறு

தடைசெய்யப்பட்ட செடியையோ விலங்கையோ விற்பவருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள் உண்டு. அதிகாரிகளின் கண்ணில் அவருடைய சரக்கு படக்கூடாது. ஆனால் முன்பின் அறியாத, தொலைவில் இருக்கிற வாங்குபவரின் கண்ணில் அது பட்டே ஆகவேண்டும். காட்டில் வேட்டையாடுவதும் துறைமுகத்தில் கடத்துவதும் இருட்டில் நடக்கலாம். விற்பனை அறிவிப்பு மட்டும் ஏதோ ஓர் அளவில் வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும். இணையத் தேடல் நுட்பத்தைக் கொண்டு இவ்வணிகத்தைப் பிடிக்கும் முயற்சியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இத்துறைக்கான சட்டங்கள் இணையத்தைவிட நெடுங்காலம் முந்தியவை. மாநில எல்லைகளைத் தாண்டிய வனவிலங்கு வணிகத்தை ஒடுக்க அமெரிக்கா 1900-இல் லேசி சட்டத்தையும், அயல்நாட்டுச் செடிகளோடு வரும் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்க 1912-இல் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டத்தையும் இயற்றியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் உருவாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் சரக்கு துறைமுகத்தின் வழியாக, பெட்டிகளில், சுங்க அதிகாரியின் முன்னால் வந்து நிற்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அச்சிட்ட விலைப்பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பினால் அஞ்சலில் செடி வந்து சேரும் வணிகம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செழித்திருந்த போதிலும், அந்தப் பட்டியல்களை வரிவரியாகப் படித்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அதன் விளைவு என்னவென்பதை ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் கதை தெளிவாகக் காட்டுகிறது. 1950-களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த மீன்தொட்டிச் செடி வணிகர் ஒருவர் இதை இலங்கையிலிருந்து வரவழைத்து, புளோரிடாவின் டாம்பாவிலிருந்த மற்றொரு வணிகருக்கு 'இந்திய நட்சத்திரக் கொடி' என்ற வணிகப் பெயரில் அனுப்பினார். வந்த செடி எதிர்பார்த்த தரத்தில் இல்லையென்று அருகிலிருந்த கால்வாயில் வீசப்பட்டது. அங்கே அது தழைத்தது. தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கும் சிற்றிலைகளின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் நுண்பற்களைக் கொண்டு இதை அதன் உறவுச் செடிகளிடமிருந்து பிரித்தறியலாம். ஒரு கணு மட்டும் ஒடிந்து நீரில் மிதந்தாலும் அது புதுச் செடியாகிவிடும். சேற்றுக்குள் இது விடும் சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கும். இன்று அமெரிக்காவின் நீர்நிலைகளில் மிகுந்த செலவு வைக்கும் களைகளுள் இதுவும் ஒன்று. இவ்வளவு பெரிய கேட்டின் தொடக்கத்தில் இருந்தது கவர்ச்சியான பெயரோடு அனுப்பப்பட்ட ஒரு பொட்டலம்.

சால்வீனியா மொலஸ்டா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி இதைவிட வேகமானது. தக்க சூழலில் சில நாட்களுக்குள் இரட்டிப்பாகக் கூடியது. 1939-இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவரப்பட்ட இச்செடி தப்பிப் பரவி இலங்கையின் நெல்வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது அத்தீவின் உழவர்களுக்கு நேர்ந்த பெருந்துயரம். அமெரிக்கா 1974-இல் தீங்குதரும் களைகளுக்கான கூட்டாட்சிச் சட்டத்தை இயற்றி, இத்தகைய செடிகளை இறக்குமதி செய்வதையும் மாநிலங்களுக்கிடையே அனுப்புவதையும் தடுத்தது. ஆனாலும் 1995-இல் தென் கரோலினாவிலும், அடுத்த சில ஆண்டுகளில் டெக்சாஸிலும் சால்வீனியா தலைகாட்டியது. சட்டப் பட்டியலில் பெயர் இருந்ததே தவிர, செடி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இந்தக் குறையை நேரடியாகச் சுட்டியவர்கள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் களை ஆய்வாளர்களான ஸ்ட்ராட்ஃபோர்ட் கேயும் ஸ்டீவ் ஹாயிலும் ஆவர். அஞ்சல்வழி விற்பனையையும் அப்போது வேகமாக வளர்ந்துவந்த இணையக் கடைகளையும் ஆராய்ந்து 2001-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, சட்டம் தடுத்திருந்த நீர்க்களைகள் வீட்டிலிருந்தபடியே எளிதில் வாங்கக் கூடியவையாக இருந்ததை எடுத்துக்காட்டியது. அவர்கள் செய்தது சாதாரணமான வேலைதான்: விலைப்பட்டியல்களைப் பொறுமையாகப் படித்தார்கள். ஆனால் நூறு ஆண்டுகளாகச் செய்யப்படாதிருந்த வேலை அதுவே; இவ்வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது.

மனிதர் படிக்கும் வேகத்தைவிட விற்பனைப் பக்கங்கள் பெருகும் வேகம் கூடியபோது, அந்தப் படிப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. அமெரிக்க வேளாண் துறையின் விலங்கு, தாவர நலப் பிரிவு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 'வேளாண் இணையக் கண்காணிப்பு முறை' என்ற ஒன்றைக் கையாண்டது. இத்தகைய முறைகளின் அடிப்படை 'கிராலர்' எனப்படும் நிரலாகும். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்று, கண்ட சொற்களை அட்டவணைப்படுத்தி வைக்கும் நிரல் அது. தேடுபொறிகள் எல்லாமே இந்த அட்டவணையின் மேல்தான் இயங்குகின்றன. கண்காணிப்புக்கு வரும்போது அதற்கு இரண்டு சொற்பட்டியல்கள் தரப்படுகின்றன. ஒன்றில் தடைசெய்யப்பட்ட இனங்களின் அறிவியல் பெயர், ஊர்ப்பெயர், வணிகப் பெயர், விற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் எழுத்துப்பிழைகள் வரை இருக்கும். மற்றொன்றில் விலை, கூடை, அஞ்சல் செலவு போன்ற விற்பனைச் சொற்கள் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே வந்தால் அப்பக்கத்துக்கு மதிப்பெண் கூடும். அப்படி மதிப்பெண் கூடியவற்றை மட்டும் ஓர் அதிகாரி திறந்து பார்ப்பார்.

இரண்டாவது பட்டியல் ஏன் தேவை என்பது சற்று எண்ணிப் பார்த்தால் விளங்கும். சால்வீனியா என்று தேடினால் முதலில் வந்து குவிபவை விற்பனைப் பக்கங்கள் அல்ல. அச்செடியை ஒழிக்கப் பாடுபடும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் எழுதிய எச்சரிக்கைப் பக்கங்களே. களைக்கு எதிராக எழுதப்பட்டவையே களை விற்பவரை மறைக்கும் திரையாகிவிடுகின்றன. வேளாண் அதிகாரிகள் ஒரு சிறு பொட்டலத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவதைக் குறைகூறுவோர், 1966-இல் மயாமியில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் கொண்டுவந்த 3 ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் தோட்டத்தில் விடப்பட்டு, ஏழே ஆண்டுகளில் 18,000-க்கு மேல் பெருகின. அவற்றை ஒழிக்க ஏறத்தாழ 10 ஆண்டுகளும் 10 லட்சம் டாலரும் ஆயின.

விலங்குப் பொருள்களின் பக்கம் இதே வேலையைத் தொடங்கியவை அரசுகள் அல்ல, தன்னார்வ அமைப்புகள். பன்னாட்டு விலங்குநல நிதியம் 2005-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், ஒரே வாரத் தேடலில் 9,000-க்கு மேற்பட்ட வனவிலங்குகளும் அவற்றாலான பொருள்களும் விற்பனைக்கு இருந்தது பதிவானது. 2008-இல் 11 நாடுகளின் தளங்களில் 6 வாரங்கள் நடத்திய மற்றோர் ஆய்வு 7,122 விற்பனை அறிவிப்புகளைத் திரட்டியது; அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு யானையைச் சார்ந்தவை. அந்த எண்களின் அழுத்தத்தில், 2009 தொடக்கம் முதல் தன் தளத்தில் தந்த விற்பனைக்கு இடமில்லை என்று இபே ஏல நிறுவனம் அறிவித்தது.

தடை வந்ததும் தந்தம் மறையவில்லை. 'தந்தம்' என்ற சொல் மறைந்தது. இபேயின் பிரிட்டன் தளத்தில் மாட்டெலும்பு என்ற பெயரில் தந்தச் சிற்பங்கள் விற்கப்பட்டதைக் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். சொல் பொய் சொன்னாலும் படம் பொய் சொல்வது கடினம். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஷ்ரேகர் கோடுகள் எனப்படும் வலைப்பின்னல் போன்ற கோடுகள் இருக்கும். அவை ஒன்றையொன்று வெட்டும் கோணம் தந்தத்தின் வெளிப்பகுதியில் யானைக்கு விரிகோணமாகவும், அழிந்துபோன மாமூத்துக்குக் குறுங்கோணமாகவும் அமையும். எலும்பில் அக்கோடுகளே இல்லை. சிற்பத்தின் அடிப்பாகத்தைத் தெளிவாகக் காட்டும் ஒரு நிழற்படம் போதும், பயின்ற கண் உண்மையைச் சொல்லிவிடும். அதே பல்கலைக்கழகத்தின் ஹெர்னாண்டஸ்-காஸ்ட்ரோ, டேவிட் ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் 2015-இல் வேறு வழியில் சென்றனர். விலை, அஞ்சல் செலவு போன்ற துணைத் தகவல்களை மட்டுமே கொண்டு தந்த விற்பனையைத் தானாகவே இனங்காணும் முறையை உருவாக்கி, அது சுமார் 93 விழுக்காடு துல்லியமாக இருப்பதைக் காட்டினர். மாட்டெலும்புக்கு யாரும் கொடுக்காத விலை, பொருள் இன்னதென்று தானே சொல்லிவிடுகிறது.

இந்தியாவில் இந்த ஏமாற்று வேறு உருவம் எடுத்தது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், செல்வத்தையும் வெற்றியையும் தரும் அபூர்வ மூலிகை வேர் என்று சொல்லி, கூப்பிய இரு கைகளைப் போன்ற தோற்றமுடைய ஒரு காய்ந்த பொருள் குங்குமத்தில் புதைத்து இணையக் கடைகளில் விற்கப்பட்டுவந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அது வேரல்ல, ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு என்பது வெளிப்பட்டது. உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினம். உடும்பு என்று தேடும் எந்த நிரலுக்கும் இந்த விற்பனை அகப்பட்டிருக்காது. பூசைப் பொருள் விற்கும் கடைக்காரரின் வாய்மொழி தெரிந்தவர் ஒருவர் அந்தப் பெயரை நிரலுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. வாங்கி ஆராயப்பட்டவற்றில் சில வெறும் பிளாஸ்டிக் வார்ப்புகள் என்பதும் கவனிக்கத்தக்கது. அறிவிப்பு சந்தேகத்துக்கு அடிப்படையாகுமே தவிர, தனித்து நின்று சான்றாகாது.

இந்திய அரசின் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2007-இல் அமைக்கப்பட்டது. வனவிலங்குப் பொருள்கள் விற்கப்படும் 106 இணையதளங்கள் இனங்காணப்பட்டதாக 2016-இல் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. 'ஆபரேஷன் வைல்ட்நெட்' என்ற பெயரில் பணியகம் இணைய வணிகத்தின் மீது தனிக் கவனம் செலுத்தியதும் இதையொட்டியே. 2018 மார்ச்சில் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் விலங்குநல அமைப்புகளோடு சேர்ந்து, தங்கள் தளங்களில் நடக்கும் வனவிலங்குக் கடத்தலை 2020-க்குள் 80 விழுக்காடு குறைப்பதென்ற இலக்கோடு ஒரு கூட்டமைப்பை அமைத்தன. அதற்குள் வணிகத்தில் ஒரு பகுதி, தேடுபொறியின் கிராலர் நுழைய முடியாத மூடிய சமூக ஊடகக் குழுக்களுக்கும் தனிச் செய்திச் செயலிகளுக்கும் பெயர்ந்திருந்தது. அங்கே விலை எழுதப்படுவதில்லை, பெயர் சொல்லப்படுவதில்லை. ஒரு படமும் 'தனியே பேசவும்' என்ற குறிப்பும் போதுமாயிருக்கின்றன. ஆயினும் புதிய வாங்குபவர் தேவைப்படும்போதெல்லாம் அக்குழுக்களும் ஏதேனும் ஒரு பொதுவெளியில் கதவைத் திறந்தாக வேண்டியிருக்கிறது. இன்றைய கண்காணிப்பு அந்தக் கதவருகேதான் காத்திருக்கிறது.

இதுவரை நிறுவனங்கள் வெற்றியாக எண்ணிக் காட்டுவது பெரும்பாலும் நீக்கப்பட்ட அறிவிப்புகளின் தொகையையே. களை விற்பனையைப் பின்தொடரும் வேளாண் அதிகாரிகளுக்கோ அறிவிப்பு என்பது தொடக்கம் மட்டுமே: விற்பவரை அணுகி, அவரது பதிவேட்டைப் பெற்று, செடி சென்று சேர்ந்த வீடுகளைக் கண்டறிந்து, தொட்டிகளிலும் குளங்களிலும் இருப்பதை அகற்றுவதே அவர்கள் வேலை. விற்றவர் யார், வாங்கியவர் யார், சரக்கு எங்கே என்ற பதிவைக் காக்காமல் பக்கத்தை மட்டும் அழித்துவிட்டால், அடுத்த வாரம் வேறு பெயரில் கடை திறக்கும் அதே விற்பனையாளருக்கு எதிரான ஒரே தடயமும் சேர்ந்தே அழிந்துபோகிறது.